பெரிய டயர் போட்ட பழைய பிக்கப்: பட்டறைத் தம்பிகளுக்கு

ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் டிஃபரென்ஷியல் வேலை பார்த்தவன் சொல்கிறேன், தம்பி. என் கையில் அதிகம் புரண்டது பழைய டொயோட்டா ஹைலக்ஸ்தான்: 22ஆர் பெட்ரோல் எஞ்சின், நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். மணலில் ஓட்டும் ஆசையில் பெரிய டயரை மாட்டிவிட்டு, "வண்டி இழுக்கல, எஞ்சினைப் பாருங்க" என்று வந்து நிற்பார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது.

1. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அந்தக் கூடுதல் சுமை எஞ்சின் தலையில்தான் விழும். ஐந்தாம் கியர் பெயருக்கு இருக்கும். பாலம் ஏறினாலே மூன்றுக்கு இறங்க வேண்டும், கிளட்ச் தேயும். கிரவுன் வீலையும் பினியனையும் மாற்றுவது போன இழுவையைத் திரும்ப வாங்கத்தான். வேகம் கூடும் என்று வண்டிக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடாதே.

2. இப்போது உள்ளே என்ன ரேஷியோ என்று நீயே எண்ணிப் பார். பழைய வண்டியில் யார் யார் கை வைத்தார்களோ! நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடு. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட் வை. மற்ற மூன்றுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று பார். நாலும் கொஞ்சமும் என்றால் 4.10. நாலரையைத் தாண்டினால் 4.56. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. எதிர்ச் சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் வீல் பாதிதான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. லாக்கர் போட்ட வண்டியில் இந்த வித்தை பலிக்காது.

3. கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கம்பெனி டயர் 225/75ஆர்15. விட்டம் 719 மி.மீ. புது டயர் 33 அங்குலம், அதாவது 838 மி.மீ. உள்ளே இருப்பது 4.10 என்றால், 838-ஐ 719-ஆல் வகுத்து 4.10-ஆல் பெருக்கு: 4.78 வரும். கடையில் கிடைப்பதில் அதற்கு அருகில் இருப்பது 4.88. 31 அங்குல டயருக்கு 4.56 போதும். டயரில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் டேப் வைத்து அள.

ஸ்பீடோமீட்டரையும் சேர்த்துப் பார். 33 டயரும் 4.10-ம் இருந்தால் முள் 100 காட்டும்போது வண்டி 116-ல் போகும். 4.88 போட்டதும் முள் ஏறக்குறைய ஒழுங்காகிவிடும்.

4. "இன்னும் இழுவை வேணும், 5.29 போடுங்க" என்பார்கள். 4.10-ல் பினியனுக்குப் பத்துப் பல், 4.88-ல் எட்டு, 5.29-ல் ஏழே ஏழு. பல் குறையக் குறைய பினியன் தலை சிறுக்கும், பலமும் குறையும். 33 டயருக்கு அது வேண்டாம்.

5. நாலு சக்கர டிரைவ் என்றால் முன் டிஃபரென்ஷியலையும் மாற்றியே ஆக வேண்டும். செலவு இரட்டிப்பு, அதை முதல் நாளே சொல்லிவிடு.

6. வேலை முழுக்க இங்கேதான். ஹைலக்ஸில் பின் டிஃபரென்ஷியல் ஒரே உருண்டையாகக் கழன்று வந்துவிடும், பெஞ்சில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம். பேக்லாஷ் 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் இருக்கட்டும், டயல் கேஜ் வைத்து நாலு இடத்தில் பார். அதோடு மூடிவிடாதே. நான் மூடினேன், முதல் வருஷத்தில். கேஜ் சொன்னது சரி, பல்லில் மை தடவிப் பார்க்கவில்லை. எண்பதைத் தொட்டதும் ஊளையிடும் வண்டியோடு மூன்றே வாரத்தில் ஆள் திரும்பி வந்தார். திறந்தால் புது கிரவுன் வீலில் பல் நுனி உதிர்ந்திருந்தது. அந்த மாதச் சம்பளம் அதற்கே போயிற்று.

ஆகவே மார்க்கிங் பேஸ்ட்டை நாலு பல்லில் மெல்லிசாகத் தடவு, கிரவுன் வீலைக் கட்டையால் அழுத்திப் பிடித்தபடி பினியனைச் சுற்று. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடியில் விழுந்தால் பினியன் உள்ளே போய்விட்டது, மெல்லிய ஷிம் போடு. நுனியில் விழுந்தால் தடித்த ஷிம். ஒவ்வொரு தடவையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் கழற்றினால் அது பாழ். பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைத் தேய்த்து, கையால் நுழைகிற மாதிரி வைத்துக்கொள். ஷிம் சரியான பிறகு புதுசை ஏற்று. ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்டினாலும் வெட்கமில்லை.

பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே கிரஷ் ஸ்லீவ் நசுங்கும். ஒரு நூல் அதிகமாக இறுகினால் நட்டைத் தளர்த்தி ஏமாற்றப் பார்க்காதே. புது ஸ்லீவ் போடு.

7. எண்ணெய் ஜிஎல்-5, 80டபிள்யூ-90. கந்தக வாடை அடித்தால் பயப்படாதே, அதன் இயல்பே அது. முதல் நாள் இருபது முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஹவுசிங் நன்றாக ஆறும்வரை நிறுத்து. இப்படி இரண்டு மூன்று தடவை. 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றவும் டிரெய்லர் இழுக்கவும் கூடாது. அதன் பிறகு எண்ணெயை வடித்துவிடு. எண்ணெய் வடிக்கும் திருகில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. விரலில் குத்துகிற மாதிரி துணுக்கு இருந்தால், வண்டியைப் பாசிங் பரிசோதனைக்கு அனுப்பாதே, திரும்பத் திற.