நாயின் மூன்றாம் இமையும் அதன் சுரப்பியும்

தோட்டக் காவலுக்கும் தறிக்கூடத்து வாயிலுக்கும் நாய் வளர்க்கும் அங்கத்தினர்கள் நம் சங்கங்களில் பலர் உளர். கறவை மாட்டிற்கு நோய் கண்டால் அன்றே மருந்தகம் செல்லும் நாம், நாயின் நோயை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அந்த அசட்டையால் விளைந்த ஒரு தீங்கை நேரிற் கண்டமையால் இதனை எழுதலானோம்.

தணிக்கைக்காக ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர், நகரத்து உறவினர் கொடுத்த ஆறு மாத ஸ்பேனியல் கலப்பினக் குட்டியைக் காட்டினார். அதன் வலக் கண்ணில், மூக்கோர மூலையில், இலந்தைப்பழம் போன்று சிவந்த சதையொன்று பிதுங்கியிருந்தது. "கட்டிதான், அறுத்துவிட்டால் போயிற்று" என்றனர் உடனிருந்தோர். நாமும் அறியாமையால் தலையசைத்தோம். ஊரில் ஒருவர் அதனை அறுத்தெறிந்தார்.

மறு ஆண்டு சென்றபோது, அறுத்த கண் பளபளப்பிழந்து, பசை போன்ற பீளை ஒட்டி, கருவிழியின்மேல் கருமை படர்ந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் இடக் கண்ணிலும் அதே சதை தோன்றியிருந்தது. அதனையும் அறுக்க நாள் குறித்திருந்தார். இம்முறை அவரை வற்புறுத்திக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அங்கே கற்றதையே கீழே தருகிறோம்.

நாய்க்கு மேலிமை, கீழிமை தவிர, கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமையொன்று உண்டு. மெல்லிய படலமாகிய இது கருவிழியைத் துடைத்துக் காக்கிறது. அதன் அடியில் ஒரு சுரப்பி அமைந்துள்ளது. கண்ணீரின் நீர்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ, அதற்கு மேலோ இச்சுரப்பியே தருகிறது. இதனை அடியோடு பிணைத்திருக்கும் திசு பலவீனமாயின், சுரப்பி மேலெழுந்து வெளியே தெரியும். ஆங்கில மருத்துவர் இதற்கு இட்ட பெயர் செர்ரிக் கண். பெரும்பாலும் இரண்டு வயதிற்குட்பட்ட நாய்களுக்கே வருகிறது. ஸ்பேனியல், பீகிள், புல்டாக், லாசா ஆப்சோ ஆகிய இனங்களில் மிகுதி. ஒரு கண்ணில் வந்தால் மறு கண்ணிலும் வரக்கூடும்.

ஆகவே அது கட்டியன்று. இடம் பெயர்ந்த உறுப்பு. முற்காலத்தில் மருத்துவர்களே அறுத்ததுண்டு. அவ்வாறு அறுத்த கண்கள் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் கழித்து வறண்டு, பார்வை குன்றுவது தெரிந்தபின் அம்முறையைக் கைவிட்டனர். இன்று படலத்தில் சிறு பை போல் அமைத்து, சுரப்பியை அதனுள் வைத்துக் கரையும் நூலால் தைக்கின்றனர். முடிச்சு கருவிழியை உரசாதிருக்க, இமையின் வெளிப்புறத்தில் இடுவர். நெசவாளராகிய நம் நண்பர் இதைக் கேட்டு வியந்து, நூலின் பருமனையும் விசாரித்தார்! தைத்தபின்னும் சிலவற்றிற்குச் சுரப்பி மீண்டும் வெளிவருவதுண்டு. அப்போது மறுபடி தைக்கவேண்டும்.

கண்ணீரை அளக்க ஒரு தாள்பட்டையைக் கீழிமைக்குள் ஒரு நிமிடம் வைக்கின்றனர். 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நனைந்தால் நலம். 10-க்குக் குறைந்தால் வறட்சி. இந்நாயின் இடக் கண்ணில் 17, அறுத்த வலக் கண்ணில் 4.

நிற்க. வயது முதிர்ந்த நாய்க்கு இவ்விடத்தில் வீக்கம் கண்டால் அது புற்றாகவும் இருக்கலாம், சோதித்தறிவது அவசியம். சிவந்த சதையின்றி இரு கண்களிலும் படலம் மட்டும் ஏறி மூடினால் உடல்நோயை ஐயுறவேண்டும். தாடையும் விறைத்திருந்தால் இரணஜன்னியாக இருக்கலாம். வீட்டில் எஞ்சிய கண்மருந்தை ஊற்றலாகாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே கெடும். மருத்துவரைக் காணும்வரை, பிதுங்கிய சதை உலராதபடி செயற்கைக் கண்ணீர்த் துளி இடலாம்; நாய் காலால் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்க.

நம் நண்பரின் நாய்க்கு இடக் கண்ணில் தையல் நிலைத்தது. வலக் கண்ணுக்கு, கண்ணீரை ஊறச் செய்யும் சைக்ளோஸ்போரின் களிம்பை நாள்தோறும் இருவேளை இட்டு வருகிறார். அதனை ஆயுள் முழுவதும் இடவேண்டியிருக்கும் என்றே மருத்துவர் கூறினார்.