பின்னால் வருகிறவர்களின் காலைப் பார்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கோடையில் மார்செய் கடற்கரையில் நடைப்பயண வழிகாட்டியாகிறாய். வழி தெரிந்துவிட்டது என்றாய், சந்தோஷம். இனி உன் பின்னால் வருகிறவர்களின் கால் எங்கே படுகிறது என்று பார்க்கப் பழகு. இந்த வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

கலாங்க் எனப்படும் அந்தக் குறுகிய கடல் விரிகுடாக்களில், சூஜித்தோனுக்கு இறங்கும்போது பைன் மரங்களின் அடியில் குனிந்து பார். மண்ணுக்குள் இருக்கவேண்டிய வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டு, மிதிபட்டு மிதிபட்டு வழுவழுவென்று கிடக்கும். கோடையில் ஒரே நாளில் 2,500 பேர் வரை அங்கே இறங்கியிருக்கிறார்கள். மிதிபட்டுத் தளர்ந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. அதனால்தான் 2022 முதல் கோடை நாட்களில் முன்பதிவு செய்த 400 பேருக்கு மட்டும் அனுமதி. பதிவுக்குக் கட்டணமில்லை. கெடுபிடி என்று யாராவது முணுமுணுத்தால் வாதாடாதே, அந்த வேர்களைக் காட்டு.

குறுக்குவழியில் ஒருவர் இறங்கினால் பத்துப் பேர் இறங்குவார்கள். முதல் ஆளையே நிறுத்திவிடு. தயங்காதே, வயதில் மூத்தவராக இருந்தாலும் சொல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தீ அபாயத்தைப் பொறுத்து மறுநாள் பாதை திறக்குமா என்பதை முந்தைய மாலையே அறிவித்துவிடுவார்கள். மிஸ்ட்ரால் காற்று வீசும் வறண்ட நாளில் ஒரு பொறி போதும், மலையே போய்விடும். சிவப்பு எச்சரிக்கை என்றால் பாதை மூடல், பயணம் ரத்து. பணம் கட்டிவிட்டோம் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடு. திறந்த நாளிலும் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார். சுண்ணாம்புப் பாறை மழையை உறிஞ்சிவிடும், வழியில் ஊற்றை நம்ப முடியாது.

பழைய துறைமுகத்திலிருந்து படகேறினால் ஃப்ரியூல் தீவுகள். பொமேக், ரத்தொனோ இரண்டையும் ஓர் அலைத்தடுப்புச் சுவர் இணைக்கிறது. வசந்தத்தில் கடற்காகங்கள் தரையிலேயே முட்டையிடும். பாதையை விட்டு இரண்டடி விலகினாலும் தாய்ப்பறவை தலைக்கு மேல் பாய்ந்து வரும். அது மிரட்டல், பின்வாங்கிவிடு.

லே கூத் பக்கம் கரையோரத்தில் சாம்பல் பச்சையில் ஒரு முட்செடி தரையோடு படர்ந்திருக்கும். உள்ளூரில் மாமியார் திண்டு என்பார்கள். உப்புக்காற்றைத் தாங்கும், மிதியைத் தாங்காது. அழிந்துகொண்டிருக்கிற இனம். அந்தப் பக்கம் வரும்போது சொல்லி அனுப்பு, இருக்குமிடத்தை நானே வந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்