தெரிந்த சொல்தான்… பொருள் தெரியுமா?



இந்த மாதப் பாடத்துக்குப் புது நூல் எதுவும் வேண்டாம். நம் வாயில் அடிக்கடி வரும் நான்கு சொற்களே போதும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சொல்லுக்கு யாரும் பொருள் தேடுவதில்லை. கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. அப்படியே நாற்பது வயதும் ஆகிவிடுகிறது. சமய வகுப்பில் நான் அதிகம் பார்ப்பது அறியாமையை அல்ல, இந்தக் கூச்சத்தைத்தான்.

1. தைப்பூசம்

பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. முதல் நாள் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது, வழியெங்கும் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். அதனால் "இது என்ன திருநாள்?" என்று மற்ற இனத்து நண்பர்கள் நம்மிடம் கேட்பது இயல்பு. "முருகனோட பிறந்தநாள்" என்று பலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர் "சூரனைக் கொன்ற நாள்" என்கிறார்கள்.

இரண்டும் இல்லை. தை மாதத்தில் பூச நட்சத்திரம் கூடும் நாள் தைப்பூசம். அன்னை பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாளாக அதைப் போற்றுகிறோம். முருகன் அவதரித்தது வைகாசி விசாகம். விசாகன் என்ற பெயரே அதைச் சொல்கிறது. சூரசம்ஹாரம் ஐப்பசியில் வரும் கந்தசஷ்டியில்.

2. காவடி

காவடி என்றதும் பலருக்கு அலகும் முள்ளும்தான் கண்முன் வருகின்றன. ஆனால் காவடி என்பது இரு பக்கமும் சுமை தொங்க, தோளில் வைத்துத் தூக்கும் தண்டு. இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் அப்படித்தான் தூக்கி வந்தான் என்பது பழனிக் கதை. அலகு குத்துவது தனி நேர்த்தி. குத்தாமல் எடுக்கும் காவடியும் முழுமையான காவடிதான். "எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க" என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

3. அரோகரா

இதை முருகனுக்கே உரிய பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. இது அரன் என்ற சிவபெருமானின் திருப்பெயரை ஒட்டி வந்த முழக்கம். மகன் சந்நிதியில் தந்தையின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.

4. ராகு காலம்

ராகு காலம் பார்ப்பதா வேண்டாமா என்பது இங்கே பேச்சில்லை. அது என்ன கணக்கு என்பதுதான் பாடம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ராகு காலம் என்கிறார்கள். எந்தப் பங்கு என்பது கிழமைக்குக் கிழமை மாறும். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. காலை 6.00 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டால் அது 7.30 முதல் 9.00 வரை. நாம் மனப்பாடம் செய்திருப்பது இதைத்தான்.

ஆனால் பினாங்கில் சூரியன் 7.00 மணியைத் தாண்டித்தான் உதிக்கிறது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. உதயம் 7.15, அஸ்தமனம் 7.15 என்று வைத்தால், திங்கட்கிழமை ராகு காலம் 8.45 முதல் 10.15 வரை வரும். 7.30க்குக் காரியத்தைத் தள்ளிப்போட்டு 9.15க்குத் தொடங்குகிறவர், எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதற்குள்ளேயே போய் நிற்கிறார்! நம்புகிறவர் கணக்கையும் தெரிந்து நம்பட்டும்.

வீட்டில் இதைச் சொல்லும்போது ஒரு விஷயம். தாத்தா பாட்டியிடம் "இத்தனை வருஷமா தப்பாவே சொல்லிட்டீங்களே!" என்று சிரிக்காதீர்கள். பொருள் முழுதாகத் தெரியாவிட்டாலும், கடல் தாண்டி வந்த மண்ணில் இந்தச் சொற்கள் அழியாமல் நம் கைக்கு வந்தது அவர்களால்தான். "வாங்க தாத்தா, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொன்னால் போதும்.

கூடிப் பேசுங்கள்:

அ. கந்தசஷ்டியில் "சஷ்டி" எதைக் குறிக்கிறது?
ஆ. நாளைய உதய, அஸ்தமன நேரங்களைக் கொண்டு அன்றைய பகலை எட்டாகப் பிரியுங்கள்.
இ. இதுவரை கேட்கக் கூச்சப்பட்ட ஒரு சொல்லை ஒவ்வொருவரும் அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சிரிக்க மாட்டோம்.