இலக்கமுறை வீடியோவில் கறுப்புச் சட்டகங்களும் கறுப்புப் பட்டைகளும்: காரணம் காணலும் சீர்செய்தலும்

அறிமுகம்

மாணவர்களே, நீங்கள் தொகுத்த வீடியோவைத் திரையில் ஓடவிடும்போது எதிர்பாராத கறுப்பு இரண்டு விதமாகத் தோன்றலாம்.

1. கறுப்புச் சட்டகம்: காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் முழுத்திரையும் கறுப்பாகி மீளும். இது நேரம் சார்ந்த குறைபாடு.
2. கறுப்புப் பட்டை: காட்சி முழுவதும் படத்தின் பக்கங்களிலோ மேலும் கீழுமோ கறுப்பு நிலையாக நிற்கும். இது இடம் சார்ந்த குறைபாடு.

இரண்டுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. காரணம் அறியாமல் கறுப்பை அகற்ற முற்படும்போது படத்தின் பயனுள்ள பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும். பழைய குடும்ப நிகழ்வொன்றின் ஒரே நாடாவைக் கணினிக்கு மாற்றும் ஒருவர், ஓரங்களை வெட்டி, அதே பெயரில் சேமித்தால், ஓரத்தில் நின்றவர்களை மீண்டும் பெற முடியாது. எனவே மூலக் கோப்பின் பிரதியிலேயே எப்போதும் வேலை செய்க.

1. முதற் சோதனை: கறுப்பு கோப்பில் உள்ளதா, காட்டும் திரையில் உள்ளதா?

வீடியோவை நிறுத்தி, தொகுப்பு மென்பொருளின் மூலம் ஒரு சட்டகத்தைத் தனிப் படமாகச் சேமியுங்கள். அப்படத்தைத் திறந்து பாருங்கள்.

• சேமித்த படத்தில் பட்டை இல்லையெனில், அது திரையின் வடிவத்துக்கு ஏற்ப இயக்கி மென்பொருள் இட்ட வெற்றிடமாகும். கோப்பைத் தொட வேண்டியதில்லை.
• சேமித்த படத்திலும் பட்டை இருப்பின், அது படத்துடன் சேர்ந்து பதிவாகியுள்ளது. அடுத்த பகுதியைப் பார்க்க.

வீடியோ முழுவதும் கறுப்பாக இருந்து ஒலி மட்டும் கேட்டால், அக்கோப்பை வேறோர் இயக்கி மென்பொருளில் திறக்க. அங்கு படம் தெரிந்தால் கோப்பு நல்லது. முதல் மென்பொருளில் அக்கோப்பின் குறிமுறையை விரித்துக் காட்டும் பகுதி இல்லை அல்லது சரியாக இயங்கவில்லை. எச்.265 முறையில் பதிவான கைத்தொலைபேசி வீடியோக்களைப் பழைய கணினிகளில் திறக்கும்போது இது நேரக்கூடும்.

2. கறுப்புப் பட்டைகள் தோன்றும் காரணம்

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையிலான விகிதம் அகல உயர விகிதம் எனப்படும். பழைய தொலைக்காட்சியின் விகிதம் 4:3. இன்றைய தொலைக்காட்சி, கணினித் திரை பலவற்றின் விகிதம் 16:9. படத்தின் விகிதமும் சட்டகத்தின் விகிதமும் சமமற்றபோது, உருவம் சிதையாமல் படத்தை உள்ளடக்கினால் எஞ்சிய இடம் கறுப்பாகும்.

உதாரணம்: 4:3 படத்தை 1920×1080 படப்புள்ளிகள் கொண்ட சட்டகத்தில் வைத்தல்.

படத்தின் உயரம் = 1080
படத்தின் அகலம் = 1080 × 4 ÷ 3 = 1440
எஞ்சிய அகலம் = 1920 − 1440 = 480
ஒரு பக்கப் பட்டை = 480 ÷ 2 = 240 படப்புள்ளிகள்

கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 1080×1920 வீடியோவை இதே சட்டகத்தில் வைத்தால், படத்தின் அகலம் ஏறத்தாழ 608 மட்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 656 படப்புள்ளிகள் கறுப்பாகும். அதாவது திரையின் மூன்றிலிரண்டுக்கும் மேற்பட்ட பகுதி வெறுமையாகும்.

3. பட்டைக்கான மூன்று தீர்வுகளும் அவற்றின் விளைவுகளும்

(அ) பட்டையை அப்படியே விடல்: படம் முழுமையாக இருக்கும், உருவம் சிதையாது.

(ஆ) பெரிதாக்கி வெட்டுதல்: திரை நிரம்பும். ஆனால் 4:3 படத்தை 16:9 ஆக்கும்போது உயரத்தில் 25% இழக்கப்படும். தலைகளும் கீழே உள்ள எழுத்துகளும் வெட்டுப்படலாம்.

(இ) அகலவாட்டில் இழுத்தல்: திரை நிரம்பும். ஆனால் அகலம் 33% கூடுவதால் வட்டம் நீள்வட்டமாகும். மனிதர் பருத்துத் தோன்றுவர். இதனைத் தவிர்க்க.

தொகுக்கப்போகும் காட்சிகள் யாவும் 4:3 ஆயின், திட்டத்தின் விகிதத்தையும் தொடக்கத்திலேயே 4:3 எனத் தெரிவுசெய்வதே சிறந்தது. அப்போது கோப்பினுள் பட்டை பதிவாகாது.

4. நான்கு பக்கமும் கறுப்பு

16:9 காட்சியை மேலும் கீழும் பட்டையிட்டு 4:3 சட்டகத்தில் பதிந்தபின், அதனை மீண்டும் 16:9 சட்டகத்தில் வைத்தால் நான்கு பக்கமும் கறுப்பாகும். 1920×1080 சட்டகத்தில் உண்மையான படம் 1440×810 ஆக இருக்கும். பக்கங்களில் 240 வீதமும், மேலும் கீழும் 135 வீதமும் பட்டை உண்டு.

இங்கு வெட்டுதல் பொருத்தமானது. ஏனெனில் வெட்டப்படுவது கறுப்பு மட்டுமே. 1920 ÷ 1440 = 1.333 ஆதலால், படத்தை 133.3% ஆகப் பெரிதாக்கினால் 1440×810 ஆனது 1920×1080 ஆகும். எனினும் பெரிதாக்குவதால் புதிய விவரம் கிடைப்பதில்லை என்பதைக் கவனிக்க.

5. பழைய நாடாக்களின் மெல்லிய ஓரங்கள்

இலங்கைத் தொலைக்காட்சி பின்பற்றிய ‘பால்’ முறையில் செக்கனுக்கு 25 சட்டகங்கள் உள்ளன. இம்முறையில் பதிந்த நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது சட்டகம் வழமையாக 720×576 ஆக அமையும். 720 படப்புள்ளிகளில் ஏறத்தாழ 702 இல் மாத்திரமே படம் இருக்கும். எஞ்சியவை இரு ஓரங்களிலும் மெல்லிய கறுப்புக் கோடுகளாகத் தெரியும். பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்ததால், அன்று இக்கோடுகள் கண்ணுக்குப் படவில்லை. ஆகவே இது மாற்றியவரின் பிழையன்று. வெட்டுவதாயின் இரட்டை எண்ணளவில் வெட்டுக. பெரும்பாலான வீடியோக் கோப்புகளில் இரண்டிரண்டு படப்புள்ளிகளுக்குப் பொதுவாகவே நிறத்தகவல் சேமிக்கப்படுகிறது.

6. கறுப்புச் சட்டகங்கள் தோன்றும் காரணங்கள்

செக்கனுக்கு 25 சட்டகங்கள் எனின் ஒரு சட்டகத்தின் நேரம் 1 ÷ 25 = 0.04 செக்கன். இவ்வளவு சிறிய இடைவெளியும் கண்சிமிட்டல்போல் உறுத்தும்.

(i) துண்டுகளுக்கிடையே இடைவெளி: நேரக்கோட்டில் இரு துண்டுகள் ஒட்டாமல் நின்றால் இடையில் கறுப்பு வரும். நேரக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, துண்டை நகர்த்தி ஒட்டுக.

(ii) சட்டக வீதம் வேறுபடல்: செக்கனுக்கு 30 சட்டகங்கள் கொண்ட, 100 சட்டகத் துண்டொன்றின் நேரம் 3.33 செக்கன். 25 சட்டகத் திட்டத்தில் இது 83.33 சட்டகங்களாகும். மென்பொருள் 83 ஆக எடுக்க, அடுத்த துண்டு 84 சட்டகங்களின் பின் வைக்கப்பட்டால் ஒரு கறுப்புச் சட்டகம் உண்டாகும்.

(iii) ஒலி படத்தைவிட நீளமாதல்: படம் 60 செக்கன், ஒலி 62 செக்கன் எனின் இறுதியில் 2 × 25 = 50 கறுப்புச் சட்டகங்கள் வரும். ஒலியைக் குறைக்க, அல்லது படத்தை நீட்டுக.

(iv) மறுகுறியாக்கம் செய்யாமல் வெட்டல்: சுருக்கப்பட்ட வீடியோவில் சில சட்டகங்களே முழுப்படமாகச் சேமிக்கப்படும். ஏனையவை மற்றைய சட்டகங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்ற தகவலையே பெரும்பாலும் கொண்டிருக்கும். முழுப்படச் சட்டகங்கள் இரண்டிற்கு நடுவே வெட்டினால், அடுத்த முழுப்படம் வரும்வரை திரை கறுப்பாகி ஒலி மட்டும் கேட்கலாம். 250 சட்டகங்களுக்கு ஒரு முழுப்படம் எனின் இது 10 செக்கன் வரை நீளக்கூடும். முழுப்படச் சட்டகத்தில் வெட்டுக, அல்லது மறுகுறியாக்கம் செய்க.

7. மென்பொருளின் உதவி

எப்எப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளில் கறுப்புப் பகுதிகளைத் தேடும் ‘பிளாக்டிடெக்ட்’, பட்டையின் அளவைக் கணிக்கும் ‘குறொப்டிடெக்ட்’ ஆகிய வடிகட்டிகள் உள்ளன. முதலாவது, மாற்றாவிடின் 2 செக்கனுக்குக் குறைந்த கறுப்பைக் கணக்கில் எடுக்காது. ஒற்றைச் சட்டகத்தைத் தேட அப்பெறுமானத்தை 0.04 அல்லது அதற்கும் குறைவாக இடுக. இரண்டாவதை வெளிச்சமான காட்சியில் பயன்படுத்துக. இரவுக் காட்சியின் இருளையும் அது பட்டையெனக் கொள்ளலாம். இறுதி முடிவு உங்கள் கண்ணுக்குரியது.

நினைவிற் கொள்க

பிரதி எடு → கோப்பா, திரையா எனச் சோதி → நேரமா, இடமா எனப் பிரி → கணி → சீர்செய் → முழுவதும் ஓடவிட்டுப் பார்.

பயிற்சி வினாக்கள்

1. 4:3 படமொன்று 1280×720 சட்டகத்தில் வைக்கப்படுகிறது. ஒரு பக்கப் பட்டையின் அகலம் யாது?
2. செக்கனுக்கு 25 சட்டகங்கள் கொண்ட வீடியோவில் 0.2 செக்கன் கறுப்பு உள்ளது. எத்தனை சட்டகங்கள்?
3. ஒரு மாணவியின் வீடியோ பாடசாலைத் திரையில் பட்டையுடனும் வீட்டுத் திரையில் பட்டையின்றியும் தெரிகிறது. அவள் கோப்பை வெட்ட வேண்டுமா? காரணம் தருக.

விடைகள்

1. 720 × 4 ÷ 3 = 960; (1280 − 960) ÷ 2 = 160 படப்புள்ளிகள்.
2. 0.2 × 25 = 5 சட்டகங்கள்.
3. உடனே வெட்டக் கூடாது. ஒரே கோப்பு திரைக்குத் திரை வேறுபடுவதால், இரு திரைகளின் விகிதமே முதலில் ஐயப்பட வேண்டியது. ஒரு சட்டகத்தைத் தனிப் படமாகச் சேமித்துப் பார்க்க வேண்டும். அதில் பட்டை இல்லையெனில் கோப்பு சரியானது. வெட்டினால் படமே குறையும்.