கதைப் புத்தகமும் கடன் மாதிரிதான்: பார்த்துக் கொடுப்போம்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ வங்கிக் கடனைப் பற்றியோ அல்ல. கதைப் புத்தகம் படிப்பதைப் பற்றி. "இருக்கிற வேலையில இது வேறயா?" என்று நினைக்காதீர்கள். சிவகிரியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தக் குழுவில் நாலைந்து பேர் கதைப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு நாங்களும் ஒரு காதல் நாவலைக் கொண்டுபோனோம். முதல் பத்துப் பக்கம்தான் படித்திருந்தோம். "ரொம்ப நல்லா இருக்கு, எல்லாரும் படிங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. கதையில் கதாநாயகன் சந்தேகப்பட்டு கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிறான். பிறகு மன்னிப்புக் கேட்கிறான், சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "அடிக்கிற கைதானே அணைக்கும்" என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர், கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: "என்னைய அடிச்ச கை ஒருநாளும் அணைச்சதில்ல மதினி. அந்தப் பக்கத்த மூணு தடவ படிச்சேன். நாமதான் சரியா நடந்துக்கலையோன்னு நெனச்சேன்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. நான்கு வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டுகிறவர்கள். அவர் வீட்டு விஷயம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு அவரோடு தனியாகப் பேசி, அவர் விருப்பப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். அது அவர் சொந்த விஷயம், இங்கே எழுதவில்லை.

அந்தப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னோம். அவரே தடுத்தார். "புத்தகம் இருக்கட்டும். குடுக்கும்போது சொல்லிக் குடுங்க" என்றார். இதுதான் இந்தப் பாடம்.

கடன் கொடுக்கும்போது கேட்கிறோமே!

உள்கடன் கொடுக்கும்முன் என்ன தேவைக்கு, எப்படித் திருப்பிக் கட்டுவார் என்று விசாரிக்கிறோம். புத்தகத்துக்கும் அதே விசாரணை வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை, அது எங்கள் தப்பு. அதே சமயம் இன்னொன்றும் புரிந்தது. சொந்தக் கதையைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கூட, புத்தகத்தில் வருகிறவளைப் பற்றி என்றால் பேசுவார். அதனால் கதையே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

காதல் கதை

நம் பெண்கள் அதிகம் படிப்பது இதைத்தான். திருச்செந்தூரில் பிறந்த ரமணிசந்திரனின் நாவல்கள் எத்தனை வீடுகளில் கை மாறியிருக்கின்றன! நாள் முழுக்க உழைத்த பெண், ஒரு மணி நேரம் மனசுக்கு இதமாகப் படித்தால் அதில் குற்றமில்லை. படிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். அவன் அவள் பேச்சைக் கேட்கிறானா? அவள் வேண்டாம் என்றால் நிறுத்துகிறானா? தப்புக்கு மன்னிப்புக் கேட்டபின் மாறுகிறானா?

கதையில் வரும் அறை ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். வீட்டில் அப்படி முடிவதில்லை. அடியும் மிரட்டலும் மட்டுமல்ல, அசிங்கமாகத் திட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது இவையும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வன்முறையாகவே பார்க்கப்படுகின்றன. உதவிக்கு 181 என்ற எண்ணைக் கூப்பிடலாம். இந்த எண்ணைப் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்துக் கொடுங்கள். யார் கண்ணுக்கும் உறுத்தாது.

சரித்திரக் கதை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம். படமாக 2022-லும் 2023-லும் பார்த்திருப்பீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் போடுகின்றன.

இதைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? எது நடந்தது, எது கற்பனை என்று. நந்தினி கல்கி படைத்த பாத்திரம். குந்தவை நிஜமாக வாழ்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் தான் கொடுத்ததோடு, தன் அக்கா கொடுத்ததையும் கல்லில் வெட்டி வைத்தார். அந்த அக்காதான் குந்தவை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கொடுத்த கணக்கு இன்றும் அழியாமல் இருக்கிறது. நம் தீர்மான நோட்டை ஒழுங்காக எழுதச் சொல்வதும் இதற்குத்தான்!

நம் பக்கமும் சரித்திரம் உண்டு. தெற்கே வாசுதேவநல்லூர்க் கோட்டையில் 1767-ல் ஆங்கிலேயப் படையோடு சண்டை நடந்தது. நெற்கட்டும்செவல் புலித்தேவர் பெயரைக் கேட்காமல் நாம் வளரவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதையையும் இதே மாதிரி, எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

மர்மக் கதை

எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். சின்னப் புத்தகம், சின்னச் சின்ன வரி. "கொலை செஞ்சது யாரு?" என்று தெரியாமல் கீழே வைக்க மனசு வராது. கோவை ராஜேஷ்குமார் இந்த வகையில் 1,500-க்கு மேல் நாவல்கள் எழுதியிருக்கிறார். மர்மக் கதை படிக்கிறவர்களுக்கு, சொல்வதை அப்படியே நம்பாத பழக்கம் வரும். "பேங்க்ல இருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் "இவன் யாரு, எதுக்குக் கேக்கான்?" என்று யோசிக்க அது உதவும். ராத்திரி தனியாக இருக்கிறவர்களுக்கும் பயந்த மனசுக்காரர்களுக்கும் ரத்தம் கொட்டும் கதையைக் கொடுக்காதீர்கள்.

எழுத்து வராதவர்களுக்கு?

வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1901-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். கதை மனதில் நிறைய இருந்தது, எழுதத்தான் வரவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி வந்ததுதான் அவருடைய முதல் நாடகம். அப்புறம் எழுத்தும் கற்று, 100-க்கு மேல் நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925 முதல் 35 வருஷம் நடத்தினார். ஒரு தோழி கை கொடுத்ததில் தொடங்கியது இது.

நம் தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் சகோதரிகள் நிறைய. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள், ஒருவரைப் பேப்பரும் கதையும் சத்தமாக வாசிக்க வைத்து, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்குக் கூலி குறையாமல் இருக்க, மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுப்பார்கள். கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865-லிருந்து இந்த வழக்கம் உண்டு. நாமும் சுளவை மடியில் வைத்துக்கொண்டே கதை கேட்கலாமே!

புத்தகம் எங்கே கிடைக்கும்?

வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். வரி 100 ரூபாய் என்றால் அதற்கு 10 ரூபாய். நூலகம் நம் காசிலும் நடப்பதுதான். "அங்க ஆம்பளையாளுகதான் பேப்பர் படிப்பாங்க" என்று ஒதுங்காமல், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் உறுப்பினர் ஆகுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க

1. கடைசியாக நீங்கள் படித்த அல்லது கேட்ட கதை எது? அதில் வரும் பெண் செய்த எந்தக் காரியம் உங்களுக்குப் பிடித்தது?
2. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பதை நம் பெண் பிள்ளைகளிடம் சொல்லலாமா?
3. நம் குழுவில் சத்தமாக வாசிக்கக்கூடியவர் யார்? கேட்க விரும்புகிறவர்கள் யார் யார்?

செய்ய வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். புத்தகம் படித்து முடித்தவர் இரண்டு வரி எழுதட்டும்: என்ன கதை, யாருக்குக் கொடுக்கலாம், என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத வராதவர் சொன்னால் பிரதிநிதி எழுதிக்கொள்ளலாம்.

சிவகிரிக் குழுவில் அந்த நோட்டு இப்போது இருக்கிறது. எழுதுவது அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர்தான். எங்கள் நாவலுக்கு நேராக அவர் எழுதியிருப்பது: "கதை நல்லா போகுது. 94-ஆம் பக்கத்தில் அடிக்கிறான். அதைப் பாசம் என்று எழுதியிருக்கு. நான் ஒத்துக்கிடலை. படிச்சிட்டு நீங்களும் சொல்லுங்க."