கழுத்தில் நெறி கட்டியிருக்கா? ஸ்கேன் என்ன சொல்லும்?

மகளுக்குத் தலை பின்னிவிடும்போது காதுக்குக் கீழே விரலில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. உடனே, 'புற்றுநோயா இருக்குமோ?' என்று ராத்தூக்கம் கெடுபவர்கள் ஒரு ரகம். 'நெறி கட்டியிருக்கு, பத்துப் போட்டா சரியாயிடும்' என்று மாசக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் இன்னொரு ரகம். இரண்டுமே வேண்டாம்!

கழுத்தில் மட்டும் சுமார் 300 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கிருமிகளை வழிமறித்து நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. சொத்தைப் பல், டான்சில், பேன் தொல்லையால் தலையில் புண் என எது வந்தாலும் பக்கத்திலுள்ள முடிச்சு வீங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே வடிந்துவிடும்.

வடியவில்லையா? வளர்ந்துகொண்டே போகிறதா? கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா? சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு உண்டா? அப்படியானால் டாக்டரிடம் காட்டுங்கள். காறை எலும்புக்கு மேலே கட்டி தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ஸ்கேனில் என்ன பார்ப்பார்கள்?

அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிகளும் எடுத்துக்கொள்ளலாம்.

* வடிவம்: நல்ல முடிச்சு மொச்சைக்கொட்டை போல நீளவாக்கில் இருக்கும். கோலிக்குண்டு போல உருண்டுவிட்டால் சந்தேகம். அகலம் 1 செ.மீ.க்கு மேல் போனாலும் கவனிப்பார்கள்.

* நடுப்பகுதி: நல்ல முடிச்சின் நடுவே வெள்ளைக் கீற்று ஒன்று தெரியும். அது மறைந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

* ரத்த ஓட்டம்: கலர் டாப்ளரில் ரத்தம் நடுவிலிருந்து கிளை பிரிவது இயல்பு. ஓரங்களில் தாறுமாறாக ஓடினால் சரியில்லை.

* கூட்டம்: பல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே கூழாகியிருந்தால் காசநோயை நினைப்பார்கள். நாட்டு வைத்தியர்கள் 'கண்டமாலை' என்றது பெரும்பாலும் இதைத்தான்.

அந்த 'லாம்' முக்கியம்!

ரிப்போர்ட்டில் 'காசநோயாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கும். அந்த 'லாமை' நம்பி மாத்திரையை ஆரம்பித்துவிடாதீர்கள். காசநோய், புற்றுநோய் இரண்டுமே ஸ்கேனில் ஒரே மாதிரி தெரிவதுண்டு. காசநோய் மருந்து பொதுவாக 6 மாதம். நோய் வேறாக இருந்தால், அத்தனை நாளும் வீண்தானே?

எந்த முடிச்சில், எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்று காட்டித் தருவதுதான் ஸ்கேனின் பெரிய உதவி. மெல்லிய ஊசியால் திசுவை உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். காசநோய்க் கிருமி உண்டா என்றும் பார்ப்பார்கள். அதிலும் தெளிவாகவில்லை என்றால், ஒரு முடிச்சையே எடுத்துப் பார்ப்பது உண்டு. 'ஊசி குத்தினா புற்று பரவிடும்' என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொன்று: காசநோய்தான் என்று உறுதியாகி மருந்து சாப்பிடும்போதும் சிலருக்குக் கட்டி கொஞ்சநாள் பெரிதாகும். 'மருந்து கேக்கலை' என்று நீங்களாகவே நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கட்டி வளர்ந்ததா, குறைந்ததா என்று அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.