ஊருக்கு இரண்டு வழி, ஓட்டுநருக்கு ஒரு சுபாவம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள். மாமல்லபுரம், மரக்காணம் என்று கடலோரமாகவே போகும் ஈ.சி.ஆர். ஒன்று. தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் தாண்டி, திண்டிவனத்தில் இடதுபுறம் பிரியும் ஜி.எஸ்.டி. சாலை மற்றொன்று. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் யாரைக் கேட்டாலும், ‘நான் எப்பவும் இந்த வழிதான்’ என்று அடித்துச் சொல்வார்கள். பல வருடங்களாக இரண்டிலும் ஓட்டிவருகிறேன். வழியை முடிவு செய்வதில் தூரத்தைவிட நம் சுபாவத்துக்கே பங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

நிற்கப் பொறுக்காதவர்கள்: சிக்னலில் நிற்பதைவிடப் பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை, வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் போதும் என்பவர்கள் இவர்கள். நின்ற ஐந்து நிமிடம் மனதில் அரைமணியாகப் பதிகிறது. சுற்றிய இருபது நிமிடம் நினைவிலேயே நிற்பதில்லை. கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் சில தடவை குறித்துவையுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

பழகிய வழியை விடாதவர்கள்: 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் 2 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடப்பட்டதால் பயணிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் சுமார் 20 பேரில் ஒருவர் புது வழியிலேயே தொடர்ந்ததை, பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தினமும் போய்வருபவர்களுக்கே தங்களுக்குத் தோதான வழி தெரியாமல் இருந்திருக்கிறது. அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்று வழியில் போய்ப் பாருங்கள்.

முந்தத் துடிப்பவர்கள்: நடுவே தடுப்பில்லாத சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிர்த் தடத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போக முடியாதவர், மீடியன் உள்ள நான்குவழிச் சாலையில் போவதே நல்லது. நம் பலவீனத்தைத் தூண்டிவிடாத சாலையே நமக்கு ஏற்ற சாலை. அங்கேயும் கணக்கு ஒன்று உண்டு: 100 கிலோமீட்டரை 80-இல் ஓட்டினால் 75 நிமிடம், 100-இல் ஓட்டினால் 60 நிமிடம். மிச்சமாவது கால் மணி நேரம்தான்.

டோல்கேட்டைத் தவிர்ப்பவர்கள்: ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளுக்குத் தப்பிக் கிராமத்துச் சாலைகளில் புகுபவர்கள் உண்டு. அங்கே வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் எல்லாம் இருக்கும். கூடுதலாகச் செலவாகும் டீசலையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கிராமத்துச் சாலை இன்னொருவர் வீட்டு வாசல் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரவில் ஓட்டுபவர்கள்: எதிரே வரும் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்தால் சில நொடிகள் சாலையோரம் நடப்பவர்கூடத் தெரியமாட்டார். வயது ஏற ஏற அந்தக் கூச்சம் தெளியவும் நேரமாகிறது. பகலில் பிடித்த இருவழிச் சாலையை இரவில் நான் தவிர்த்துவிடுகிறேன்.

கூகுள் மேப் நிமிடக் கணக்கைச் சொல்லும். மூட்டுவலியோடு பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சுத்தமான கழிப்பறை எங்கே வேண்டும், மேடுபள்ளம் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் ஓட்டுகிறவர்தான் யோசிக்க வேண்டும். யார் ஓட்டுகிறார், யார் கூட வருகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு மேப்பைத் திறங்கள். அது காட்டும் வழிகளில் உங்களுக்கானது எது என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.